வெள்ளிக்கு ஒரு நிலா

— மடிச்சு வச்ச விரிப்பையே எதுக்கும்மா பிரிச்சுப் பிரிச்சு மடிக்கிற? கையைக் கொஞ்சம் நிறுத்து, ஜினெவ்ரா. நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?

— விழுது சாமி. சரியா மடிக்கல, அதான்.

— அப்போ நான் என்ன சொன்னேன், சொல்லு பார்ப்போம்.

— நாளைக்குக் காலைப் பூசை முடிஞ்சதும் பெரிய சாமி மேற்றிராணியார் மாளிகையில விசாரணை. என் வீட்டுக்காரர், உங்க தம்பி, கூரையிலேருந்து வழுக்கி விழுந்தாரா, தானா குதிச்சாரான்னு கேக்கப் போறாங்க. தானான்னு முடிவானா கல்லறையைத் திறந்து அவரை வெளிய எடுத்து, கால்வாய்க் கரையில தானா செத்தவங்களைப் போடற மந்திரிக்காத மண்ணுல போட்டுருவாங்க. அவ்வளவுதானே?

— அவ்வளவுதானேன்னு கேக்கற! உப்பு வாங்கிட்டு வரச் சொன்ன மாதிரி சொல்றியே அம்மா!

— வேற எப்படிச் சொல்லணும்னு சொல்லுங்க. அப்படியே சொல்றேன்.

— ஒண்ணும் சொல்ல வேண்டாம். இதோ தாள், இதோ இறகு. மை கூட நானே கரைச்சுக் கொண்டுவந்திருக்கேன். ஒரே ஒரு கையெழுத்து. எர்கொலேயோட புஸ்தகம் கடைசிப் பக்கம் தவிர அச்சாகி முடிஞ்சாச்சு. அந்தக் கடைசிப் பக்கத்துல சாட்சிக்காரங்க பேர் வரணும். என் பேர் இருக்கு. உன் பேர் இல்ல. அதை நாளைக்கு விசாரணைக்காரர் கையில குடுத்துட்டேன்னா, சோலி முடிஞ்சது.

— புஸ்தகத்துக்கும் அவர் விழுந்ததுக்கும் என்ன சாமி?

— என்னம்மா நீ, சின்னப் பிள்ளை மாதிரி! வெள்ளிக் கிரகத்துக்குப் பக்கத்துல ஒரு நிலா சுத்துதுன்னு உலகத்துலேயே முதல்ல கண்டவன் என் தம்பி. புஸ்தகம் வெளிய வர ஒரு மாசம்கூட இல்ல. அப்படிப்பட்டவன் எதுக்கு உசிரை விடப் போறான்? அன்னிக்குச் சாயங்காலமும் நிலாவைப் பார்த்தான், சந்தோஷமா இருந்தான், ஓட்டு மேல பனி உறைஞ்சிருந்தது, காலை வச்சான், போயிட்டான். இவ்வளவுதான் விஷயம். அந்த எதிர்வீட்டுப் பீப்பாய்க்காரன் பொண்டாட்டி வாயை அடைக்க இதைவிட வேற வழி கிடையாது.

— பெலெக்ரீனா என்ன சொன்னாளாம்?

— ஓட்டு விளிம்புல கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னானாம். அவ தண்ணி எடுக்கப் போனப்பவும் நின்னானாம், திரும்பி வந்தப்பவும் நின்னானாம். கண்டா இவ! சொந்தப் புருஷன் பீப்பாய்க்குள்ள விழுந்து கிடந்ததையே மறுநாள்தான் பார்த்தவ!

— அவளுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும். எங்க வீட்டுக் கடலையில எத்தனை பூச்சின்னு அங்கேருந்தே சொல்லுவா.

— யார் பக்கம்மா நீ பேசற?

— யார் பக்கமும் இல்ல. அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கீங்க? படிங்க.

— கேளு. “எர்கொலேயின் மனைவியாகிய ஜினெவ்ரா, பதினொரு ஆண்டுகளாக என் கணவர் வெள்ளிக்கு அருகில் நிலாவைக் கண்டதற்கும், மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த மூன்றாம் நாள் மாலையிலும் அவ்வாறே கண்டு மனமகிழ்ச்சியோடு இருந்ததற்கும், உடனிருந்த சாட்சி. இது கடவுள்மேல் ஆணை.” எவ்வளவு லட்சணமா இருக்கு! போடு கையெழுத்தை.

— நான் பார்க்கலையே சாமி.

— எதை?

— நிலாவை. ஒரு நாள்கூடப் பார்த்தது இல்ல.

— விளையாடாதே. பதினோரு வருஷமா கூரை மேல அந்தப் பலகை மேடையில அவன் கூடவே உக்காந்து எழுதினவ நீ. அத்தனை நோட்டும் உன் கையெழுத்து. நான் எண்ணிப் பார்த்தேன், முப்பத்தி நாலு நோட்டு.

— எழுதினேன். அவரு தொலைநோக்கிக் குழாய்ல கண்ணை வச்சுக்கிட்டுச் சொல்லுவாரு, நான் திரைக்கு இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு விளக்கு வச்சு எழுதுவேன். விளக்கு வெளிச்சம் அவரு கண்ணுல பட்டா அரை மணி நேரத்துக்குப் பார்வை போச்சுன்னு சத்தம் போடுவாரு. திரும்பிப் பார்க்கறது எங்க? “வலப்பக்கம், வெள்ளியோட அகலத்துக்கு ஒண்ணரை மடங்கு தள்ளி, மங்கல்”னு சொல்லுவாரு. வலப்பக்கம், ஒண்ணரை, மங்கல்னு எழுதுவேன். வெள்ளி சாய்ஞ்ச கோபுரத்துக்கு அந்தப் பக்கம் இறங்கினதும் கீழ வந்து கடலைச் சாறு குடிப்போம். அதான் எங்க பதினோரு வருஷம்.

— மேகம் வந்து கலைஞ்ச நாள்ல, அவன் கீழ போன சமயத்துல, சும்மா ஒரு தடவை எட்டிப் பார்க்கணும்னு தோணலையா உனக்கு?

— தோணலை. அவரு பார்த்தா நான் பார்த்த மாதிரிதானே. நீங்க பார்த்தீங்களா?

— பார்த்தேன்! பார்க்காமலா சாட்சி போட்டேன்? நாலு வருஷத்துக்கு முன்னால, தபசு காலம் தொடங்கறதுக்கு முந்தின நாள். ஏதோ அசைஞ்சது. புள்ளியா, கோடா, கறுப்பா.

— அது உங்க இமைமயிர். அன்னிக்கு நீங்க இறங்கிப் போனதும் அவரு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு.

— சிரிக்கட்டும். சிரிச்சவன் மந்திரிச்ச மண்ணுல படுத்திருக்கணுமா வேண்டாமா? அதை மட்டும் சொல்லு.

— இருக்கணும்.

— பின்ன?

— கடவுள்மேல ஆணைன்னு எழுதியிருக்கீங்களே சாமி. ரோமாபுரியில பார்த்துட்டு இல்லைன்னாங்க. நேப்பிள்ஸ்ல பெரிய குழாய் வச்சுப் பார்த்துட்டு இல்லைன்னாங்க. அந்தப் பாரீஸ்காரர் என்ன எழுதினாரு? “உங்கள் நிலா எப்போதும் வலப்பக்கமே நிற்கிறதே, வாசல்காரனுக்குக்கூட ஒரு நாள் விடுமுறை உண்டே”ன்னு.

— அதுக்குத்தான் எர்கொலே பதில் குடுத்துட்டானே! இடப்பக்கம் போறப்ப அது கறுத்துப் போயிடுது, அதனால தெரியறதில்லன்னு. நாலாவது அத்தியாயமே அதுதான்.

— ஆமா. அந்த அத்தியாயத்தை நான்தான் ஏழு தடவை திருத்தி எழுதினேன். இருங்க, கடலை அடிப்பிடிக்குது.

— அது கிடக்கட்டும்.

— அடிப்பிடிச்சா நாறும்... கிளறிட்டேன், சொல்லுங்க.

— கையில என்ன துணி சுத்தியிருக்கு?

— கொப்புளம். முந்தாநாள் சட்டி விளிம்பைப் பிடிச்சுக்கிட்டே நின்னிருக்கேன் போல. தெரியலை. வாசனை வந்த பிறகுதான் பார்த்தேன்.

— ஜினெவ்ரா, நீ அடக்கத்துலேருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. பார்த்தவங்க பேசறாங்க.

— பேசட்டும். எனக்கு எதுவுமே தோண மாட்டேங்குது சாமி. அழணும்னு உக்காந்துகூடப் பார்த்தேன். வரலை.

— உன் பொண்ணு நிக்கொலோசா போனப்போ எப்படி அழுத! இந்த வீட்டுச் சுவரே கரைஞ்சுடும்னு நினைச்சேன்.

— அப்போ அழுதேன். அவளுக்கு நாலு வயசு. புதைச்சு இருபது நாள்தான் ஆகியிருந்துது, இவரு முதல் தடவையா நிலாவைப் பார்த்துட்டுக் கீழ ஓடி வந்தாரு. “வெள்ளிக்குப் பக்கத்துல ஒரு சின்ன வெளிச்சம் ஒட்டிக்கிட்டு நிக்குது ஜினெவ்ரா, அம்மா பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற பிள்ளை மாதிரி”ன்னாரு. புஸ்தகத்துல அந்த நிலாவுக்கு மேற்றிராணியார் பேரைத்தான் வச்சிருக்கு. வீட்டுல அதுக்குப் பேரு நிக்கொலோசாதான். திரைக்கு இந்தப் பக்கத்துலேருந்து தினமும் நான் கேப்பேன், “வந்துட்டாளா?”ன்னு. “வந்துட்டா, எழுது”ம்பாரு.

— இது எனக்குத் தெரியாதே.

— உங்ககிட்ட சொன்னா பிரசங்கம் பண்ணுவீங்கன்னு சொல்லலை.

— சரி. சரிம்மா. அப்போ இதுக்காகவாவது போடு. அவன் பிள்ளைக்குப் பக்கத்துலதான் படுத்திருக்கான். அந்த இடத்தை அவனே விட்டு வச்சிருந்தான். நாளைக்கு அவனைத் தோண்டி எடுத்துட்டா அந்தக் குழந்தை தனியா கிடக்கும். விசாரணைக்காரர் நோட்டுகளையும் கேட்டிருக்கார். கட்டிக் குடு. ஆமா, கடைசி நோட்டுல கடைசித் தாள் கிழிஞ்சிருக்கே? அன்னிக்குச் சாயங்காலத்துத் தாள்?

— இருக்கு.

— எங்க?

— மாவுப் பெட்டியில.

— மாவுப் பெட்டியிலயா! எதுக்கு?

— அங்க யாரும் தேட மாட்டாங்க.

— எடு. இப்பவே எடு. ...இதுதானா? மாவைத் தட்டும்மா. “வெள்ளி தெரிந்தது. கோயிலில் மாலை மூவேளை மணி அடிக்கிறது. வானம் தெளிவு. நிலா வலப்பக்கம், ஒண்ணரை.” பார்த்தியா! பார்த்தான்! இதையா ஒளிச்சு வச்ச?

— கீழ படிங்க.

— “நிலா மேலே. நிலா இடப்பக்கம், ஒண்ணரை.” இடப்பக்கமா? “நிலா கீழே. நிலா வலப்பக்கம். நிலா மேலே. நிலா இடப்பக்கம்.” என்னம்மா இது? ஒரே சாயங்காலத்துலயா?

— மணி அடிச்சு ஓயறதுக்குள்ள.

— நிலா எப்படி அந்த வேகத்துல சுத்தும்?

— சுத்தாது சாமி. குழாய் கொஞ்சம் நீளம், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கண்ணு வைக்கிற முனையில ஒரு சின்ன அட்டைக் குழாய் செருகியிருக்கும். வெள்ளி ரொம்பக் கூசும்னு அதுக்குன்னே தனியா ஒரு சின்னக் குழாய் வச்சிருந்தாரு. வியாழனுக்கு, சனிக்கெல்லாம் வேற. இந்தக் குழாய்ல கூச்சத்துக்குப் புகைச்சில்லு ஒட்டணும்னாரு. நான்தான் பண்ணிக் குடுத்தேன். ரெண்டு மெல்லிசுக் கண்ணாடி, நடுவுல மெழுகுவத்திப் புகை. இந்த அடுப்புகிட்ட உக்காந்து புகை பிடிச்சு, மாவுப் பசை காய்ச்சி ஒட்டினேன். கொஞ்சம் சாய்ஞ்சு ஒட்டிக்கிச்சு. பரவாயில்லை, தெரியுதுன்னாரு. அசையக் கூடாதுன்னு அந்தச் சின்னக் குழாயையும் பெரிய குழாயோட சேர்த்துப் பசை போட்டு மூடிட்டேன். நிக்கொலோசா போன பத்தாம் நாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்துது.

— அதுக்கு என்ன இப்போ?

— இந்தக் குளிர்ல எலி வந்து பசையைத் தின்னுடுச்சு. மாவுதானே. அன்னிக்கு அவரு கண்ணை வச்சப்போ சின்னக் குழாய் ஆடுதுன்னாரு. பிடிச்சுத் திருப்பினாரு. நிலாவும் திரும்பிச்சு.

— நிலாவுமா?

— இந்தாங்க, அந்தச் சின்னக் குழாய். அதோட பெரிசாக்கற கண்ணாடியைக் கழட்டிட்டேன், புகைச்சில்லு மட்டும்தான் இருக்கு. மாதா படத்துக்கு முன்னால விளக்கு எரியுதே, அதைப் பாருங்க. இமையை நல்லா திறங்க.

— விளக்கு தெரியுது. சின்னதா, சிவப்பா.

— பக்கத்துல?

— பக்கத்துல... இன்னொண்ணு. மங்கலா. வலப்பக்கம்.

— திருப்புங்க.

— ஆண்டவரே.

— எங்க போச்சு?

— மேல. இப்போ இடப்பக்கம். ஜினெவ்ரா, இது எல்லா விளக்குக்கும் வருமா?

— எல்லாத்துக்கும் வரும். சாய்ஞ்ச சில்லுக்குள்ள வெளிச்சம் பட்டுத் தெறிச்சு ரெண்டாத் தெரியுது. பெலெக்ரீனா வீட்டு ஜன்னல் விளக்குக்குக்கூட ஒரு நிலா இருக்கு. நான் அடக்கம் முடிஞ்சு வந்து எல்லாத்தையும் பார்த்துட்டேன். அதான் நான் முதல் தடவையா அந்தக் குழாய்ல பார்த்தது.

— பதினோரு வருஷம்...

— அந்த நிலாவை ஒட்டினது நான் சாமி.

— அப்படிச் சொல்லாதே.

— சரி, சொல்லலை. இன்னொண்ணு கேளுங்க. அவரு மேல, இடப்பக்கம், கீழன்னு சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிட்டே சிரிச்சேன். “என்னங்க, இன்னிக்கு உங்க பொண்ணு தட்டாமாலை சுத்தறா”ன்னேன். அவரு சிரிக்கல. “எழுதட்டுமா?”ன்னேன். “எழுதின வரைக்கும் போதும். நீ எப்பவாவது இதுல பார்த்திருக்கியா?”ன்னாரு. இல்லைன்னேன். “நல்லதாப் போச்சு. கீழ போய் அடுப்பைப் பாரு”ன்னாரு. நான் வந்து கடலையில உப்பு போட்டேன். போட்டுக்கிட்டு இருக்கறப்ப முற்றத்துல சத்தம் கேட்டுது. மாடத்துலேருந்து தொட்டி விழுந்துதாக்கும்னு நினைச்சேன்.

— அம்மா...

— அன்னிக்கு அவருக்குப் பிள்ளை இன்னொரு தடவை செத்துட்டா. நான் சிரிச்சேன்.

— உனக்கு எப்படிம்மா தெரியும்? தெரிஞ்சா சிரிச்ச?

— தெரியாது. வழுக்கியும் விழுந்திருக்கலாம். அதுவும் தெரியாது.

— ஆமா! வழுக்கித்தான்! மனசு கலங்கிப் போயிருப்பான், இருட்டிடுச்சு, ஓட்டு மேல பனி...

— பனி இல்ல சாமி.

— இருந்தது. அடக்கத்துக்கு முன்னாலயே நான் சத்தியம் பண்ணியிருக்கேன். குருமுதல்வர் முன்னால, சுவிசேஷத்து மேல கையை வச்சு.

— அன்னிக்கு ரெண்டாம் நாளா வெதுவெதுன்னு தெக்குக் காத்து. குளிர்காலத்துல அப்படி ஒரு நாள் கிடைக்காதேன்னு நான் காலையிலேயே நாலு விரிப்பையும் அலசி, மேல பலகை மேடையில காயப்போட்டேன். அவரு திட்டினாரு, குழாய் திருப்ப இடம் இல்லைன்னு. சாயங்காலமா எடுத்துடறேன்னேன். எடுக்கலை.

— அப்படியா.

— அப்புறம் அவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாத்தி, மெழுகுவத்தி வச்சு எல்லாம் முடிஞ்சது. மறுநாள் அவருக்குப் போர்த்த விரிப்பு வேணுமேன்னு பெட்டியைத் திறந்தேன். நாலும் உள்ள இருந்துது. காஞ்சு, மடிச்சு.

— பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க யாராவது...

— இந்தத் தெருப் பொம்பளைங்க விரிப்பை நாலா மடிப்பாங்க. இது மூணா மடிச்சிருந்தது. அப்புறம் இன்னொரு மூணு. மூலை மூலையாச் சேர்த்து, உள்பக்கம் வெளிய தெரியாம. பீடத்துல நற்கருணைக்கு அடியில விரிக்கற துணியை அப்படித்தானே மடிப்பீங்க? பத்து நாளா நான் பிரிச்சுப் பிரிச்சு மடிக்கறது இதைத்தான் சாமி. கோவத்துல இல்ல. சும்மா கையில எடுக்கறேன், மூணா வருது, பிரிக்கறேன்.

— நான் மேல போனேன். நீங்க எல்லாரும் கீழ அவனோட இருந்தீங்க. பனி இருக்கும், வழுக்கியிருப்பான்னு நினைச்சுத்தான் போனேன். ஓட்டை உள்ளங்கையால தடவிப் பார்த்தேன். பொட்டு ஈரம் இல்ல. விரிப்பு நாலும் லேசா, காஞ்சு, காத்துல ஆடிக்கிட்டு இருந்தது. விடிஞ்சா யாராவது வந்து பார்ப்பாங்க, பனியில துணி காயாதேன்னு கேப்பாங்கன்னு எடுத்து மடிச்சேன். கை தானா அப்படி மடிச்சிருக்கு. முப்பது வருஷத்துப் பழக்கம்.

— நல்லா மடிச்சிருந்தீங்க. ஒரு சுருக்கம் இல்ல.

— என்னைக் கேவலமா நினைக்கிறியா?

— இல்ல.

— ஆனா ஜினெவ்ரா, பனி பொய்யா இருந்தாலும் அவன் சந்தோஷம் நிஜம்னு நம்பினேன்மா. நிலாவைக் கண்டுபிடிச்சவன் தானா சாக மாட்டான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அந்த நிஜத்தைத் தாங்கிப் பிடிக்கத்தான் இந்தச் சின்னப் பொய்னு. இப்போ அதுவும் இல்லையே. கீழயும் பொய், மேலயும் பொய். இதை எடுத்துக்கிட்டு நாளைக்கு நான் எப்படிப் போய் நிப்பேன்? எந்த வாயால பூசை வைப்பேன்?

— என்ன பண்ணப் போறீங்க?

— உண்மையைச் சொல்லிடறேன். பனி இல்ல, நிலாவும் இல்ல. என்னைச் சபையை விட்டுத் தள்ளட்டும், தண்டிக்கட்டும். புஸ்தகத்தை அச்சுக்காரர்கிட்ட சொல்லி எரிக்கச் சொல்றேன். அந்தத் தாளைக் குடு. மடிச்சு என் பையில வச்சுக்கறேன், நாளைக்குக் காட்டணும்.

— அவரை எடுத்துடுவாங்களே. நிக்கொலோசா தனியா கிடப்பாளே.

— எடுத்துடுவாங்க. நான் என்னம்மா பண்ணட்டும்?

— எப்போ எடுப்பாங்க?

— அன்னிக்கே. இருட்டறதுக்குள்ள. அந்த நேரத்துக்கு அந்திவெள்ளிகூட... ஜினெவ்ரா! அடுப்புல என்ன போட்ட? அந்தத் தாளா? ஐயோ, எடு, எடு!

— விடுங்க, மாவு பட்ட தாள், பிடிச்சுக்கிச்சு. அந்தச் சின்னக் குழாயையும் குடுங்க.

— வேண்டாம்மா! பைத்தியமா உனக்கு?

— அட்டைதானே. போயிடும். கண்ணாடிச் சில்லு சாம்பலோட வந்தா அள்ளிப் போட்டுக்கலாம்.

— நீ என்ன பண்றேன்னு தெரிஞ்சுதான் பண்றியா? இவ்வளவு நேரம் பார்க்கலை பார்க்கலைன்னு நீதானே கையெழுத்துப் போட மாட்டேன்ன?

— மை காஞ்சிருக்கும். இன்னொரு தடவை தொட்டுக் குடுங்க.

— கடவுள்மேல ஆணைன்னு எழுதியிருக்கும்மா அதுல.

— தெரியும், படிச்சீங்களே. குடுங்க சாமி இறகை. பனி இருந்ததுன்னு நீங்க சத்தியம் பண்ணிட்டீங்க. நிலா இருந்ததுன்னு நான் பண்றேன்.